காவேரிக் கரையில் ஒரு சைக்கிள் யாத்திரை

ஒரு நதியை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் எந்த வாகனத்தில் போவது நல்லது? ரயிலில் போனால், பாலம் கடகடவென்று சப்தமிடும் அரை நிமிஷத்துக்குள் நதி வந்து மறைந்து விடுகிறது. மோட்டார் ஓட்டுகிறவருக்குச் சாலைதான் தெரியும், நதி தெரியாது. கால்நடையாகப் போவது எல்லாவற்றிலும் சிலாக்கியந்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றையே ஓய்வு நாளாகப் பெற்ற குடும்பஸ்தர்களால் ஐம்பது கிலோமீட்டர் நடக்க முடியுமா? ஆகவே மிச்சமிருப்பது சைக்கிள் ஒன்றுதான். நதியை மறந்துவிடாத அளவுக்கு மெதுவாகவும், பொழுது சாய்வதற்குள் வீடு சேரும் அளவுக்கு வேகமாகவும் போகக்கூடிய வாகனம் அது.

நேயர்களுக்கு நாம் சிபாரிசு செய்யும் பாதை, ஸ்ரீரங்கத்தில் புறப்பட்டுக் கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வரையில் காவேரியோடு செல்வது. தூரம் சுமார் 50 கிலோமீட்டர். மேடு பள்ளம் அதிகமில்லை.

இந்தப் பாதையில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். பெரும்பாலான நதிகள் கடலை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகும். நமது காவேரியோ போகப் போகக் குறுகுகிறாள். முக்கொம்புக்கு மேற்கே 'அகண்ட காவேரி' என்று பெயர் பெற்றவள், பூம்புகாரில் கடலைச் சேரும்போது ஒரு வாய்க்கால் போல் ஆகிவிடுகிறாள். நடுவில் அத்தனை ஜலமும் எங்கே போயிற்று? அந்தக் கேள்விக்கு விடையைப் புஸ்தகத்தில் படிக்காமல் கண்ணாலேயே பார்த்துவிடுவதுதான் இந்த யாத்திரையின் நோக்கம்.

முதலில் நாள் குறிக்க வேண்டும். இதற்குப் பஞ்சாங்கம் பார்த்துப் பயனில்லை. பத்திரிகைதான் பார்க்க வேண்டும். 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு, காவேரியில் எப்போது தண்ணீர் வரும் என்பதை நிர்ணயிப்பது அந்த அணையின் மதகுகள்தான். ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். ஆனால் வழக்கம் என்பது வேறு, நடப்பது என்பது வேறு. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இலோ ஜூலை 28-ஆம் தேதி வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் எதிர்பார்த்து வானத்தையும் மேட்டூரையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருந்த குறுவை விவசாயிக்கு அந்த ஆறு வாரம் எப்படிக் கழிந்திருக்கும்! உல்லாசப் பிரயாணம் போகும் நமக்கு நஷ்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவனுக்கு ஒரு போகம்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாட்கள் போல் ஆகும். அதற்கு ஒரு வாரம் கழித்துப் புறப்பட்டால், கரை புரளாவிட்டாலும் நிறைந்தோடும் நதியைக் காணலாம். ஆடி மாதம் சிறந்தது. பிரயாணத்துக்குச் சாதகமான இன்னொரு விஷயமும் அப்போது உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள் அல்லவா? அந்தக் காற்று மேற்கேயிருந்து அடிப்பது. நாமோ கிழக்கு நோக்கிப் போகிறோம். அம்மியையே பறக்க வைக்கும் காற்று சைக்கிளை முதுகில் கைவைத்துத் தள்ளுவதற்குச் சொல்ல வேண்டுமா? திருவையாற்றில் புறப்பட்டு ஸ்ரீரங்கம் வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவு செய்து அவரைத் தனியாக அனுப்பி வையுங்கள்.

ஆனால் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று மட்டும் வேண்டாம். அன்று படித்துறைகளிலும் சாலைகளிலும் ஜனங்களுக்கே இடம் போதாது. வெள்ளக் காலத்திலும் வேண்டாம். அப்போது உத்தமர்சீலியில் தரைப்பாலத்தின் மேலேயே தண்ணீர் புரண்டோடும், பாதை அடைபட்டுவிடும்.

சௌகரியப்படுகிறவர்கள் முதல் நாள் மாலையே திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரிலுள்ள முக்கொம்புக்குப் போய் வரலாம். காவேரி முதன் முதலாக இரண்டாகப் பிரிவது அங்கேதான். வடக்கே போகும் கிளை கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே இறங்கிப் போய்க் காவேரி மணல் தூர்ந்து வந்தது. தஞ்சை ஜில்லாவின் கதி என்னாகுமோ என்றிருந்த சமயத்தில், 1836 முதல் 1838 வரையில் ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அந்த அணையில் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போக, பிறகு புதிய கதவணை எழுந்தது. ஆற்றை ஒரு தடவை அடக்கிவிட்டால் போதும் என்பதில்லை; தலைமுறைக்குத் தலைமுறை காவல் காக்க வேண்டியிருக்கிறது.

மறு நாள் காலை ஐந்தரை மணிக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் புறப்படுவது உசிதம். திருவானைக்காவைத் தாண்டித் திருவளர்சோலை, உத்தமர்சீலி என்று கிழக்கே போனால் இரு பக்கமும் வாழைத் தோட்டங்கள். வலது புறத்தில் காவேரி. இடது புறத்தில் சற்றுத் தூரத்தில் கொள்ளிடம். திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் நம்மை வழியனுப்பிக் கொண்டிருப்பார். சுமார் 16 கிலோமீட்டர் போனதும், ஏழு மணி சுமாருக்கு, கல்லணை வந்துவிடும்.

கல்லணையில் ஒரு மணி நேரமாவது தங்க வேண்டும். கரிகால் சோழன் கட்டியது என்று வழிவழியாகச் சொல்லப்படும் அந்த அணையின் நீளம் 329 மீட்டர். ஆழம் காண முடியாத மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்ற வித்தையைக் காட்டன் கற்றுக்கொண்டது இந்தக் கல்லணையைப் பார்த்துத்தான். பின்னால் அவர் கோதாவரிக்கு அணை கட்டியபோதும் அது உபயோகப்பட்டது. கல்லூரிப் படிப்பில்லாத நம் முன்னோர்கள் சீமை எஞ்சினீயருக்கு வாத்தியாராக இருந்தார்கள் என்பதைக் குழந்தைகளுக்கு அந்த இடத்திலேயே நிற்க வைத்துச் சொல்லலாம்.

அணையின்மேல் நடந்தபடியே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று காவேரி, இரண்டாவது வெண்ணாறு, மூன்றாவது, 1934-இல் வெட்டி முடித்த புது ஆறு என்னும் கல்லணைக் கால்வாய், மிகுதி வெள்ளத்தைக் கொண்டுபோகும் கொள்ளிடம் நான்காவது. வந்தது ஓர் ஆறு, போவது நாலு. நாம் கேட்ட கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைத்துவிடுகிறது. ஆனால் மதகுகளின் கீழே சுழித்தோடும் ஜலத்தில் இறங்க ஆசைப்பட வேண்டாம். ஸ்நானத்துக்குத் திருவையாற்றில் நல்ல படித்துறை இருக்கிறது.

அப்பால் காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பாதை போகிறது. அப்பக்குடத்தான் என்ற ருசியான திருநாமத்துடன் பெருமாள் பள்ளி கொண்ட கோவிலடியைத் தாண்டி, திருக்காட்டுப்பள்ளியை அடையும்போது மணி பத்து ஆகலாம். எலுமிச்சம்பழ சாதத்தையும் தயிர் சாதத்தையும் அவிழ்க்க இதுவே தகுந்த இடம். இங்கே குடமுருட்டி பிரிந்துவிடுகிறது. காவேரி மேலும் இளைத்துவிடுகிறாள். ஆனால் இருபுறமும் வயல்கள் இன்னும் பசுமையாகின்றன. நதி இழந்ததெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது இதற்குமேல் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து நடுக்காவேரி, கண்டியூர் வழியாகத் திருவையாறு செல்லலாம். கரைச் சாலைகள் குறுகலானவை. பஸ்ஸும் லாரியும் வரும். ஒருவர் பின் ஒருவராக, சிறுவர்களை நடுவில் விட்டுப் போக வேண்டும். காற்றடிக்கும் பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கட்டாயம் கையில் இருக்கட்டும். சைக்கிள் விட இயலாத பெரியவர்கள் பஸ்ஸில் கல்லணைக்கு வந்து, சிற்றுண்டிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் எல்லாருக்கும் க்ஷேமம்.

உச்சி வேளைக்குத் திருவையாறு சேர்ந்ததும் புஷ்ய மண்டபத் துறையில் ஸ்நானம். 1847-இல் சித்தியடைந்த ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதி அதே காவேரிக் கரையில் இருக்கிறது. மாலையில் ஐயாறப்பர் தரிசனம். அப்புறம், அவ்வூருக்கே உரிய 'அசோகா' என்ற பாசிப் பருப்பு அல்வா. இவ்வளவு தூரம் மிதித்தவர்கள் அதை மறுக்க வேண்டிய அவசியம் இல்லை.

திரும்புவதற்குத் தஞ்சாவூர் போய் ரயில் ஏறலாம். சைக்கிள்களைப் பார்ஸலில் எந்த வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நலம். தஞ்சாவூருக்குப் போகும் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். காவேரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஊருக்குப் பெயர் கொடுத்த ஐந்து ஆறுகள் இவைதாம். காலையில் பிரிந்து சென்றவர்களை மாலையில் திரும்பவும் சந்திப்பது போலிருக்கும். ஒவ்வொரு பாலத்திலும் இறங்கி, தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டிப் பாருங்கள்.

இதே பாதையில் பங்குனி மாதத்தில் ஒரு தடவை போய், வெறும் மணலையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. இரண்டையும் கண்டவர்களுக்கு, "மேட்டூர் அணை திறக்கப்பட்டது" என்ற ஒரு வரிச் செய்தி அப்புறம் வெறும் செய்தியாக இராது. வீட்டுக்கு வர வேண்டிய மனுஷர் ரயில் ஏறிவிட்டார் என்ற கடிதம் வந்தது போலிருக்கும்.