கேம்பர் வேன் டயர்: தேயும் முன்பே கெடுவது

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் 1950-இல் ஜெர்மனியில் உற்பத்திக்கு வந்தது. 1967-இல் வெளியான அதன் இரண்டாம் தலைமுறையைத்தான் படுக்கை, அடுப்பு, உயர்த்தும் கூரை எல்லாம் வைத்துக் கேம்பராக மாற்றிப் பலரும் வாங்கினார்கள். அந்த வண்டிகளில் கணிசமானவை பிரிட்டனில் இன்னும் ஓடுகின்றன. இதன் இன்ஜின் பின்னால் இருக்கிறது. மடக்குப் படுக்கை அதன் மேல் விரிகிறது, சாமான் அலமாரியும் பெரும்பாலும் அதே பக்கம்தான். குடும்பத்தோடு புறப்படும்போது கூடாரம், கேஸ் சிலிண்டர், சைக்கிள் என்று ஏறுவதெல்லாம் பின் அச்சின் தலையில்தான் விழுகிறது.

டயர் தேர்வு இந்த எடையிலிருந்துதான் தொடங்குகிறது. வேனுக்கு உரிய அளவு 185 ஆர் 14 சி. கடைசியில் உள்ள ‘சி’ சரக்கு வண்டிக்கான வலுவூட்டிய டயர் என்பதற்கான அடையாளம். இதே அகலத்திலும் விட்டத்திலும் கார் டயரும் கிடைக்கிறது, விலையும் குறைவு. மாட்டிப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தும். வித்தியாசம் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் சுமைக் குறியீட்டில் இருக்கிறது. கார் டயரில் 91 என்று இருந்தால் அது தாங்குவது 615 கிலோ, இரண்டுக்குமாக 1,230 கிலோ. வேனின் பின் அச்சுக்கு அனுமதித்த எடையே 1,270 கிலோவை ஒட்டி வருகிறது. 102 என்ற குறியீடுள்ள ‘சி’ டயர் ஒன்று 850 கிலோ தாங்கும். காசை மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு.

காற்றழுத்தத்திலும் இதே கதைதான். முன் சக்கரங்களுக்கு 30 பவுண்டு அளவிலும் பின் சக்கரங்களுக்கு 40 பவுண்டு அளவிலும் காற்று தேவை. சரியான எண் டயரையும் சுமையையும் பொறுத்துச் சற்று மாறும். கார் பழக்கத்தில் நான்கிலும் 30 வைத்தால் வேன் வளைவுகளில் பின்பக்கம் அலைபாயும். பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்வதால் டயர் சூடேறும். அந்தச் சூடுதான் ரப்பருக்கும் உள்ளேயிருக்கும் எஃகு அடுக்குக்கும் இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது.

பழைய கேம்பரின் பெரிய சிக்கல் தேய்மானம் அன்று, வயது. வேன் கோடையில் சில வாரம் ஓடிவிட்டு மற்ற மாதங்களில் வாசலில் நிற்கிறது. ரப்பர்க் கலவையில் ஓசோனையும் வெயிலையும் தடுக்க ஒருவகை மெழுகு சேர்ப்பார்கள். டயர் உருண்டு மடங்கும்போது அது மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படிகிறது. நிற்கும் வண்டியில் இந்தக் கசிவு குறைந்துவிடுகிறது. ரப்பர் இறுகி, கோடையில் குளத்துக் களிமண் வெடிப்பதைப் போல மெல்லிய கோடுகள் விடத் தொடங்குகிறது. தரையில் படும் பக்கத்தின் பள்ளமோ புதிதாகவே இருக்கும். ஏமாற்றுவது அதுதான்.

வயதான டயரின் ஆபத்தை ஒரு விபத்து காட்டியது: 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், ஹைண்ட்ஹெட் அருகே, இசைவிழாவிலிருந்து திரும்பிய பேருந்து ஒன்றின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19-க்கு மேல். பத்தாண்டு கடந்த டயர்களை லாரி, பேருந்துகளின் முன் அச்சில் தடை செய்யும் விதி 2021 பிப்ரவரியில்தான் வந்தது. அந்த விதி கேம்பர் வேனைத் தொடவில்லை. அதோடு, 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு 2018 முதல் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது, ஆனால் வயதைக் கேட்க யாருமில்லை. எந்த வண்டியின் டயர் முதுமையால் கெட வாய்ப்பு அதிகமோ, அதே வண்டிக்கு விலக்கு. விந்தையான ஏற்பாடு.

ஆகவே முதல் சோதனை டயர்க் கடைக்காரரின் கையில் நடக்கிறது. பழைய வண்டிகளைப் பழகிய தொழிலாளி பள்ளத்தை அளக்கும் முன் கீழே குனிகிறார். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் பிறந்த தேதி இருக்கிறது: 2419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், மேற்கொண்டு பேச்சே இல்லை. முழுக் குறியீடு பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்முகமாக மாட்டியிருந்தால், டார்ச்சுடன் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்துத்தான் படிக்க வேண்டும். அப்படியே கட்டைவிரலால் சுவரை அழுத்தி வெடிப்பு வாய் பிளக்கிறதா என்று பார்க்கிறார். பள்ளத்தின் அடியில் வெடிப்போ, சுவரில் புடைப்போ தென்பட்டால் அந்த டயர் கழிவுதான்.

அடுத்தது ஜாக்கி. வேனின் பக்கவாட்டில் ஜாக்கி வைப்பதற்கென்று உள்ள முட்டுகள் பல வண்டிகளில் உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும். அதில் தூக்கினால் தகடு நசுங்கி வண்டி சரியும். முன்னால் அச்சுக் குழாயின் அடியில் மரக்கட்டை கொடுத்துத் தூக்குவதே பாதுகாப்பு. சக்கர போல்ட்டிலும் ஒரு கண் வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் எஃகு ரிம்முக்கு உரிய போல்ட்டின் உட்காரும் பகுதி உருண்டையாக இருக்கும், பின்னாளில் வாங்கும் அலாய் சக்கரங்கள் பலவற்றுக்குக் கூம்பு வடிவம். மாற்றிப் போட்டால் முறுக்கும்போது இறுகியதுபோலத் தோன்றும், ஓடும்போது தளரும்.

டயரைக் கழற்றிய பிறகு தெரியவருவது ரிம்மின் உண்மை நிலை. டயரின் விளிம்பு உட்காரும் இடம் துருவால் பொருக்குத் தட்டியிருந்தால், கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பெயின்ட் அடிக்காமல் புது டயரை ஏற்றுவது வீண். காற்று கசிந்துகொண்டே இருக்கும். மிகப் பழைய ரிம்களில் டயர் விளிம்பை நகரவிடாமல் பிடிக்கும் மேடு இருக்காது. அவற்றுக்கு டியூப் போட்டுத்தான் ஆக வேண்டும். வால்வு ஒவ்வொரு முறையும் புதிது. விளிம்பில் தடவுவதற்கென்றே விற்கும் பசை உண்டு, எண்ணெயும் கிரீஸும் ரப்பருக்கு ஆகாது.

சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங்கில்தான் அனுபவம் தெரியும். 1970 வரையிலான வேன்களில் ஐந்து போல்ட்டுகள் 205 மில்லிமீட்டர் வட்டத்தில் அகலமாக இருக்கும், நடுத்துளையும் பெரிது. அதன் பிறகு வட்டம் 112 மில்லிமீட்டராகச் சுருங்கியது. பழைய சக்கரத்தைப் பிடிக்கும் தட்டு இல்லாத இயந்திரத்தில் அது நேராக உட்காராது, எண்கள் தாறுமாறாக வரும். பழைய வண்டி வேலை செய்யும் கடைகள் அந்தத் தட்டைத் தனியாக வைத்திருக்கின்றன. கடைசியில் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் எதிரெதிராக முறுக்கி, 50 மைல் ஓடிய பின் மறுபடி சோதிக்கச் சொல்லி அனுப்புவார்கள். அந்தச் சொல்லைப் பெரும்பாலோர் காற்றில் விட்டுவிடுகிறார்கள்.

நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. இரண்டுதான் முடியும் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும். இன்ஜின் பின்னாலிருக்கும் வண்டியில் பின் சக்கரம் வழுக்கினால் மீட்பது கடினம். முன்னால் ரேடியல் வகை டயரும் பின்னால் கிராஸ் பிளை வகை டயரும் போடுவது பிரிட்டனில் சட்டவிரோதம்.

ஸ்டெப்னியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிலர் அதை வேனின் மூக்கில் அலங்காரமாக மாட்டுகிறார்கள். வண்டியிலேயே அதிக வெயில் காய்வது அதுதான், ஓடாத டயர் என்பதால் பெரும்பாலும் மிக மூத்ததும் அதுவே.

குளிர்காலத்தில் சக்கரங்களை மூடி வைப்பதும், வேனை அவ்வப்போது சற்று நகர்த்துவதும், காற்றைச் சோதிப்பதும் ஆயுளைக் கொஞ்சம் நீட்டும். காருக்குப் பின்னால் கேரவன் இழுப்பவர்களிடம் ஐந்து ஆண்டில் மாற்றுவதைப் பற்றி யோசி, ஏழில் மாற்று என்ற கணக்கு புழங்குகிறது. நின்றே கழியும் கேம்பருக்கும் அது பொருந்தும். பழைய கேம்பர் வாங்கப் போகிறவர்கள் இன்ஜினை முடுக்கிக் கேட்பதற்கு முன், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களின் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தும் காலாவதி என்றால் புது டயர்களின் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.