மாலை போன வழி

வாசித்து முடித்த புத்தகத்தின் பெயரை ஒரு நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். டிசம்பர் கடைசியில் புரட்டிப் பார்த்தேன். இந்த வருடம் 31 பெயர்கள். பாதிக்கு மேல், பெயரைப் பார்த்தும் உள்ளே என்ன இருந்தது என்று ஞாபகம் வரவில்லை. 17ஆவது பெயருக்கு நேராக மட்டும் 'ஊரைப் பார்க்கணும்' என்று எழுதியிருந்தேன். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ஆண்டாள் காவியம் 'ஆமுக்தமால்யதா', தமிழில் மு.கு. ஜகந்நாத ராஜா. மறுநாள் காலை மதுரையில் பஸ் ஏறிவிட்டேன்.

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோபுரம் தெரிந்தது. இறங்கவில்லை. மொழிபெயர்த்தவர் ஊரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று நேரே ராஜபாளையம் போனேன்.

பழையபாளையம், புதுப்பாளையம், சக்கராஜா கோட்டை, சிங்கராஜா கோட்டை என்று பேட்டை பேட்டையாகச் சேர்ந்து வளர்ந்த ஊர். மேற்கே மலை, ஊரைச் சுற்றி நூல் மில்கள். சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே கொடுத்துவிட, அது காந்தி கலை மன்றம் ஆனது. டீக்கடை பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் தெலுங்கில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சை நிறுத்தாமலே ஒருவர் கடைப்பக்கம் திரும்பி, "தம்பி, ரெண்டு டீ. ஒண்ணுல சீனி கம்மி" என்றார். பல தலைமுறைக்கு முன் ஆந்திரப் பக்கமிருந்து வந்த ராஜுக்களின் ஊர் இது. அந்தப் புத்தகம் ஏன் இந்த ஊர்க்காரர் கையால் தமிழுக்கு வந்தது என்பதற்கு அந்த ஒரு பெஞ்சு போதும். சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்ததெல்லாம் பிறகு.

ஆண்டாளின் காதல் கதை என்று நினைத்துத்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். அவளோ பாதிக்கு மேல் தாண்டித்தான் வருகிறாள். அதற்குள் என்னைப் பிடித்துப்போட்டது அவளை வளர்த்த பெரியாழ்வார் வீட்டு அடுப்படி. அடைமழை. விறகெல்லாம் ஈரம். கண்ணில் புகை அடிக்காமலிருக்க, அவர் மனைவி தேங்காய்ச் சிரட்டையை எரித்துச் சமைக்கிறாள். வந்த அடியார்களுக்குச் சோறு, பருப்பு, கறிவகை, வடகம், வற்றல், நெய், தயிர். பேரரசை ஆண்டவருக்குச் சிரட்டைத் தீ எப்படித் தெரிந்தது!

மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினேன். 192 அடி, 11 நிலைக் கோபுரம். ஆண்டாள் முகம் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு. அவள் கிடைத்த துளசித் தோட்டம். வெளியே பால்கோவாக் கடையில் ஒருவர் வியர்க்க வியர்க்கப் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

இங்கே ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வருடம் தவறாமல் வெளியூர் போகும். சித்திரையில் ஆற்றில் இறங்கும் அழகருக்கு. மதுரைக்காரனான எனக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும். புரட்டாசியில் திருப்பதி கருடசேவைக்கு. ராயரும் தன் காவியத்தை அந்த வேங்கடவனுக்குத்தான் சமர்ப்பித்தார். இந்த ஊர்ப் பெண்ணின் கதை தெலுங்காகி மலையேறியது. நானூற்றைம்பது வருடத்துக்கும் மேல் கழித்து, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கையால் தமிழாகி இறங்கி வந்தது.

நான் வாசித்தது நூலகப் பிரதி. மழைப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ நீல மையில் 'அம்மா' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்கள். இரவல் புத்தகத்தில் கிறுக்குகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் கோபம் வரும். அன்றும் வந்தது. மடியில் பால்கோவாப் பொட்டலத்தோடு ஊர் திரும்பும்போது நினைத்துப் பார்த்தேன். ஆண்டாள் சூடாத மாலை வேண்டாம் என்று சொன்ன சாமியின் ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். அந்தப் புத்தகமும் எனக்கு முன்னால் யாரோ ஒருவர் சூடிக் கொடுத்ததுதானே.