தொலைநோக்கிக்கு ஒரு வெப்பப் பட்டை

வானம் தெளிந்த இரவில் தொலைநோக்கியை வெளியே வைத்து அரைமணி நேரம் சென்றால், சனிக்கோளின் வளையம் மங்கத் தொடங்கும். மேகமோ என்று அண்ணாந்து பார்த்தால் வானத்தில் குறையொன்றும் இராது. தொலைநோக்கியின் முன்வில்லையில்தான் பனி படிந்திருக்கும். சிங்கப்பூரில் வான்நோக்குவோர் நன்கறிந்த தொல்லை இது.

"குளிரே இல்லாத நம் ஊரில் பனி எப்படி, ஐயா?" என்று என் மாணவன் ஒருவன் வினவினான். 'பனி' என்றால் அவனுக்கு வெளிநாட்டுச் சுற்றுலாவில் கண்ட வெண்பனிதான். தேக்கா உணவங்காடியில் குளிர்ந்த மைலோக் குவளை வியர்ப்பதை நினைவூட்டினேன். 27 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இரவில், ஏறத்தாழ 25 டிகிரிக்குக் குளிர்ந்த எப்பரப்பிலும் நீர் படியும். திறந்த வானை நோக்கிய கண்ணாடி தன் வெப்பத்தை வெளியே வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. இரண்டு டிகிரி குறைந்தாலே போதும், பனி வந்துவிடும்.

ஆகவே வில்லையைச் சற்றே வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள சிம் லிம் டவரில், 1 வாட் தாங்கும் 330 ஓம் மின்தடைகள் பன்னிரண்டு வாங்கினோம். மின்சாரத்திற்கு 12 வோல்ட் மின்கலம்.

அவற்றை எவ்வாறு இணைப்பது? மாணவர்களையே கணக்கிடச் சொன்னேன். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் வைத்தால் மொத்தத் தடை 3,960 ஓம். கிடைக்கும் வெப்பம் 0.04 வாட்டுக்கும் குறைவு. ஏணிப்படிகள் போலப் பக்க இணைப்பில் வைத்தால் தடை 27.5 ஓம், வெப்பம் 5.2 வாட். பொருள்கள் அவையே, இணைப்பு மட்டுமே வேறு! ஏணியைப் பற்றவைத்து, துணியுறைக்குள் தைத்து, 1 ஆம்பியர் உருகியும் சேர்த்து, வில்லைக்கு அருகே குழாயைச் சுற்றிக் கட்டினோம். மின்னோட்டம் அரை ஆம்பியருக்கும் குறைவு. ஆதலால் 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஓரிரவுக்குத் தாங்கும். வெப்பம் மிகுந்தால் குழாயினுள் காற்று அலைந்து காட்சி நடுங்கும். எனவே கைக்கு இளஞ்சூடாக இருந்தாலே போதுமானது. அன்றிரவு இரண்டு மணி நேரத்திற்குப் பின்னும் வளையம் தெளிவாகவே தெரிந்தது.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். தமிழ் அவர்களுக்குக் கட்டுரைக்கும் கருத்தறிதலுக்கும் உரிய பாடமாகச் சுருங்கிவிடுகிறது. அன்று 'பக்க இணைப்பு' என்ற சொல்லை எவரும் மனப்பாடம் செய்யவில்லை. அச்சொல் இல்லாமல் வேலை நடவாது என்பதால் தாமே பேசினர். வீட்டில் மின்விசிறியைப் பழுதுபார்க்கும்போதோ மிதிவண்டியைச் சீராக்கும்போதோ பிள்ளையை அருகே அமர்த்தித் தமிழில் பேசிப் பாருங்கள். மொழி தானே பழகிவிடும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பிள்ளைகள் செய்யும் மின்வேலைக்கு மின்கலமே ஏற்றது, வீட்டு மின்சாரத்தின் பக்கம் அவர்களை விடாதீர்கள்.