பூந்தமல்லி ஹைரோட்டில் ஒரு நாவலாசிரியை

அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு முப்பத்தைந்து நிமிஷம் என்பதெல்லாம் அட்டவணையில்தான். வியாசர்பாடி ஜீவாவுக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவே யூனிட் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் அந்த நேரத்தில் கீரை ஆய்கிறவர்கள் உண்டு, பூ கட்டுகிறவர்கள் உண்டு. நான் போனில் படிப்பேன். தை மாதம் முழுக்க அப்படிப் படித்து முடித்தது ‘சகுணா’. எழுதியவர் கிருபாபாய் சத்தியநாதன்.

ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 1862இல் அகமத்நகரில், கிறிஸ்தவத்துக்கு மாறிய மராட்டியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். 1894இல் இறந்தபோது வயது 32. விக்டோரியா மகாராணிக்கே ‘சகுணா’ பிரதி ஒன்று போனது, அவர் விரும்பிப் படித்தார் என்று சொல்வார்கள். நம் ஊர்க்காரர்களிடம் பெயரைச் சொன்னால் “எந்தச் சத்தியநாதன்?” என்கிறார்கள்.

அவரை என்னோடு ஒட்டவைத்தது இந்தத் தண்டவாளம். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது இதே ஆவடி, அம்பத்தூர் வழியாகத்தான். 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு அது இணைந்தது. கிருபாபாய் மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்தது 1878இல். கப்பலை விட்டால் ரயில்தான் வழி. ரயிலில் வந்திருந்தால், அரக்கோணம் தாண்டி, நான் தினமும் ஏறுகிற இடத்தைப் பதினாறு வயதில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார். அப்போது என்ன இருந்திருக்கும்? ஏரியும் வயலும்தான்.

அவர் சென்னையில் இருந்த இடங்களைப் பார்க்க ஒரு சனிக்கிழமை மகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் நீட்டுக்கு இரண்டாம் முறை தயாராகிறாள். வாரம் ஒரு நாளாவது கோச்சிங் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கட்டும் என்று நினைத்தேன். ரயிலில் கதையைச் சொன்னதும் முதல் கேள்வி வந்தது: “அவங்க காலத்துல நீட் இல்லையில்லம்மா?”

நீட் இல்லை. ஆனால் உடம்பு இருந்தது. இங்கிலாந்து போய் மருத்துவம் படிக்கக் கிருபாபாய்க்கு உதவித்தொகை கிடைக்க இருந்தது. அந்தக் குளிரை உடம்பு தாங்காது என்று தடுத்துவிட்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பித்து அப்போது மூன்றே வருஷம். 1875இல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களோடு தொடங்கியது அது. கிருபாபாய் முதல் வருஷம் நன்றாகவே படித்தார். அதோடு உடம்பு படுத்துவிட்டது. 1879இல் புனேயில் இருந்த அக்காவிடம் திரும்பிப் போனார்.

மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கி சப்வே வழியாக எதிர்ப்பக்கம் ஏறினோம். கல்லூரி வாசலில் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்ட பெண்கள் ஜூஸ் கடையைச் சூழ்ந்து நின்றார்கள். என் மகள் அவர்களைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பெயர்ப் பலகையில் பெரியார் ஈ.வெ.ரா. சாலை. வாயில் வருவதோ பூந்தமல்லி ஹைரோடுதான். பூந்தமல்லியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கும் கிருபாபாயின் கல்லூரிக்கும் ஒரே ரோடு.

அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஆட்டோ. 1734இல் நெசவாளர்களுக்காக உண்டான பேட்டை இன்று கூவத்தின் வளைவுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கிறது. சென்னையில் கிருபாபாய் தங்கியது சத்தியநாதன் பாதிரியார் வீட்டில். இங்குள்ள சீயோன் ஆலயத்தின் போதகர் அவர். அவர் மனைவி அன்னா பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தியவர், ‘நல்ல தாய்’ என்று தமிழில் புத்தகமும் எழுதியவர். அவர்களுடைய மகன் சாமுவேலைத்தான் 1881இல் கிருபாபாய் மணந்தார். டாக்டராக வந்த பெண் மருமகளானாள் என்று நம் சீரியல்காரர்கள் முடித்துவிடுவார்கள். கிருபாபாயோ ஊட்டிக்குப் போய் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், தோடர்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார், ராஜமுந்திரி, கும்பகோணம் என்று கணவரின் வேலையோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1887-88இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இதழில் ‘சகுணா’ தொடராக வந்தது.

ஆலயத்தில் அன்று ஆராதனை இல்லை. கேட் பூட்டியிருந்தது. காவலாளி தலையை மட்டும் நீட்டி, “ஞாயித்துக்கெழம வாங்கம்மா” என்றார். பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டு வெளியே நின்றே பார்த்தோம்.

‘சகுணா’வில் எனக்குப் பிடித்தது அதன் முரண்டு. அண்ணன்மார் படிக்கும் பாடத்தைத் தானும் படிக்கத் துடிக்கும் சின்னப் பெண், வெள்ளைக்கார மிஷன் பெண்மணிகள் காட்டும் பெரியதனத்தைக் கண்டு முகம் சுளிப்பவள், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்பவள். பெரும்பாலும் அவர் கதையேதான். தனக்குப் படிப்புச் சொல்லித்தந்த அண்ணன் பாஸ்கர் இளம் வயதில் இறந்ததை எழுதும் பக்கங்களை வில்லிவாக்கத்தில் ஆரம்பித்தவள், சென்ட்ரலில் எல்லோரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது நாவல் ‘கமலா’ 1894இல் புத்தகமாயிற்று. அதற்குள் கிருபாபாயின் குழந்தை, ஒரு வயதுகூட நிரம்பாமல் இறந்திருந்தது. நோயோடுதான் எழுதி முடித்தார். ஆகஸ்ட் 3ஆம் தேதி போய்விட்டார். ‘சகுணா’ நூலாக வந்தது அடுத்த வருஷம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே சமயத்தில் இதே சென்னையில் ‘விவேக சிந்தாமணி’ இதழில் ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ வந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு கமலா, தமிழில் ஒரு கமலாம்பாள். ராஜமையரும் இருபத்தாறு வயதில் போய்விட்டார். அவரை நாம் பாடத்தில் படிக்கிறோம். கிருபாபாய் தமிழிலும் எழுதவில்லை, மராட்டியிலும் எழுதவில்லை. அதனால் இரண்டு வீட்டுக்கும் விருந்தாளியாகிப்போனார்.

திரும்பும்போது அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று பூந்தமல்லி பஸ் ஏறினோம். மகளிர் இலவச டிக்கெட் இரண்டைக் கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர். கோயம்பேடு, மதுரவாயல் தாண்டுவதற்குள் ‘கமலா’ கதையைச் சொல்லிவிட்டேன். நாசிக் பக்கத்து மலையில் சந்நியாசித் தகப்பனோடு வளர்ந்த பெண். சிறு வயதில் கல்யாணம், மாமியார் வீட்டுக் கொடுமை. கணவன் கணேஷ் வேறொருத்தி பின்னால் போகிறான், கடைசியில் இறக்கிறான். கமலாவை ஆரம்பத்திலிருந்தே நேசித்த ராம்சந்தர் வந்து கட்டிக்கொள்கிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் சொத்தையெல்லாம் தர்ம காரியத்துக்குச் செலவழிக்கிறாள்.

அந்த இடத்தில் எனக்குக் கோபம். விதவை மறுமணச் சட்டம் வந்தது அதே 1856 ஜூலையில், நம் ரயில் ஓட ஆரம்பித்த மாதத்தில். சட்டம் வந்து முப்பத்தெட்டு வருஷம் கழித்தும் கிருபாபாயின் கமலா அதைத் தொடவில்லை. ‘சகுணா’வில் முரண்டு பிடித்த கை, இங்கே ஏன் தளர்ந்தது? கிறிஸ்தவரான தான் ஓர் இந்துப் பெண்ணின் மனத்தை மீறி எழுதக்கூடாது என்று நினைத்தாரோ, இல்லை, ஊர் உலகம் அப்படித்தான் இருந்தது என்று காட்டினாரோ. எனக்கு ‘சகுணா’ போதும்.

வானகரத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர் லாரிகள். மகள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

“நானா இருந்தா அந்த ராம்சந்தரக் கட்டிக்கிட்டிருப்பேன்ம்மா.”

“நானும்தான்டி.”

முன் சீட்டு அம்மா திரும்பி எங்களை ஒரு மாதிரி பார்த்தார். வேலப்பன்சாவடி வந்ததும் அவர் இறங்கினார். நாங்கள் குமணன்சாவடிக்கு எழுந்து நின்றோம்.