டிவியை அணைத்துவிட்டுக் கேட்ட பீபாப்

அனிமே தொடர்களின் இசை ஆல்பங்கள் பலவற்றை என்னால் பாதிக்கு மேல் கேட்க முடிந்ததில்லை. இசையமைப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். துரத்தலுக்கு நாற்பது விநாடி, அழுகைக்கு ஒரு நிமிடம், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடிவர ஒரு துள்ளல் என்று காட்சிக்கு அளவெடுத்துத் தைத்தவை அவை. உடம்பு இல்லாமல் சட்டை மட்டும் எத்தனை நேரம் நிற்கும்?

1998-இல் வந்த 'கௌபாய் பீபாப்' நிற்கிறது. சன்ரைஸ் நிறுவனம் தயாரித்து, ஷினிசிரோ வதனபே இயக்கிய தொடர். விண்வெளியில் குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்து, அந்தப் பரிசுப் பணத்தில் அரை வயிறும் கால் வயிறுமாகப் பிழைக்கிறவர்களின் கதை. மொத்தம் 26 அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் 'செஷன்' என்று பெயர். இசை யோகோ கன்னோ. இதற்கென்றே சீட்பெல்ட்ஸ் என்ற குழுவைச் சேர்த்துக்கொண்டார்.

இயக்குநர் பட்டியல் கொடுப்பார், இசையமைப்பாளர் எழுதித் தருவார் என்பது வழக்கம். கன்னோவோ கேட்காத இசையையும் எழுதிக்கொண்டு வந்து நின்றார். அதைக் கேட்டுத் தனக்குப் புதுக் காட்சிகள் தோன்றியதாக வதனபேயே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் ஆல்பம் கடைக்கு வந்தது 1998 மே மாதம். அப்போது டிவி டோக்கியோவில் தொடரின் ஒரு பகுதிதான் ஓடிக்கொண்டிருந்தது. 26-ம் முழுதாக ஒளிபரப்பாகத் தொடங்கியது அக்டோபரில், வவ்வாவ் சேனலில். ஆக, அன்று ஆல்பத்தை வாங்கிய ஜப்பானியர் முழுத் தொடரையும் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. கேசட்டில் பாட்டைத் தேய்த்துவிட்டுப் பிறகு படத்துக்குப் போன நமக்கு இது புதிதல்லதான். ஆனால் நம்மிடம் முதலில் வந்தவை பாடல்கள். பின்னணி இசை வேண்டுமென்றால் யாராவது டிவிடியிலிருந்து வெட்டிக் கொடுத்ததைக் கேட்க வேண்டும். நல்ல இடத்தில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும்.

முதல் உருப்படி 'டேங்க்!'. தொடரின் தொடக்கத்தில் ஒன்றரை நிமிடம் வரும். வண்ணக் கட்டங்களும் நிழலுருவங்களும் எழுத்துகளும் பறக்கும் அந்த வேகத்தில் கண் முந்திக்கொள்ளும். காது பின்னால் ஓடும். ஆல்பத்தில் அது மூன்றரை நிமிடம். டிவியில் நமக்குக் கிடைக்காதது மசாட்டோ ஹோண்டாவின் சாக்ஸபோன். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்: பேஸும் பாங்கோவும் தரை போட்டுக் கொடுக்க, பித்தளை வாத்தியங்கள் கூட்டமாக வந்து இடிக்க, அதற்கெல்லாம் அசராமல் அந்த மனிதர் தன் போக்கில் ஊதிக்கொண்டு போகிறார்.

வரிசையிலும் குறும்பு இருக்கிறது. 'பேட் டாக் நோ பிஸ்கட்ஸ்' என்று நாய் வெறிபிடித்து ஓடி முடித்ததும், 'கேட் ப்ளூஸ்' என்று பூனை நிதானமாக நடந்து வருகிறது. பிறகு 'காஸ்மோஸ்', ஒரு டிரம்பெட் கொஞ்ச நேரம் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல. அடுத்தது ஏழாவதாக, ஏழு நிமிடத்துக்கு நீளும் 'ஸ்பேஸ் லயன்'.

தொடரைப் பார்த்தவர்களுக்கு இது கிரென் என்ற சாக்ஸபோன் கலைஞனின் சாவு. பதின்மூன்றாம் செஷனின் முடிவில், வழக்கமான நிறைவுப் பாடலை ஒதுக்கிவிட்டு இதை ஒலிக்கவிட்டார்கள். வெகுகாலம் எனக்கும் இதைப் போட்டால் பனியும் அவன் முகமும்தான் வரும். திரும்பத் திரும்பக் கேட்டதில் அந்தப் படம் வெளுத்துப் போயிற்று. அப்புறம்தான் காதில் விழுந்தது, சாக்ஸபோன் எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்று. ஒரு வாக்கியம் சொல்லும், நிறுத்தும், காத்திருக்கும். அவசரமே கிடையாது. பின்பகுதியில் கைமுரசும் கூட்டுக் குரல்களும் சேரும்போது துக்கம் ஒரு ஆளுடையதாக இல்லாமல் ஊருடையதாகிவிடுகிறது. காட்சியில் இது எனக்குக் கேட்கவே இல்லை. கிரெனுக்காக வருத்தப்படுவதில் மும்முரமாக இருந்தேன்.

காட்சி போனால் பாதி உயிர் போய்விடும் என்று வாதிடுகிற நண்பர்கள் உண்டு. ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டாவது ஆல்பமான 'நோ டிஸ்க்'கில் 'கிரீன் பேர்ட்' என்று இரண்டு நிமிடம்கூட இல்லாத ஒரு துண்டு. ஐந்தாம் செஷனில் தேவாலயச் சன்னலை உடைத்துக்கொண்டு கதாநாயகன் ஸ்பைக் விழும்போது வருவது. அதை இன்றுவரை என்னால் அவனில்லாமல் கேட்க முடியவில்லை. முதல் ஆல்பத்திலும் பின்பாதியில் தொய்வு உண்டு. 'பாட் சிட்டி', 'கார் 24' இரண்டையும் பல நாள் தாண்டிப் போய்விடுவேன். அவற்றுக்குத் தொடரின் துணை வேண்டும்.

கடைசி உருப்படி 'மெமரி', இசைப்பெட்டியின் ஒலி. தொடரில் முதல் செஷன் திறப்பதே இதில்தான். மழை, ரோஜா, நிறமிழந்த தெரு. தொடர் தொடங்கிய இடத்தில் ஆல்பம் முடிகிறது. தொடரின் கால்வரிசையை ஆல்பம் பொருட்படுத்தவே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தொடரை இன்னும் பார்க்காதவர்கள் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அன்றைய ஜப்பானியர் பலருக்குக் கிடைத்த வரிசையும் ஏறக்குறைய அதுதான். ஷஃபிளை மட்டும் அணைத்துவிடுங்கள். பார்த்து முடித்தவர்கள் 'ஸ்பேஸ் லயன்' ஒன்றையாவது, கிரெனை மறக்கும்வரை கேளுங்கள்.