நரம்பும் நோவும்

தமிழில் ‘நரம்பு’ என்னும் சொல் யாழின் தந்தியைக் குறிக்கும். உடலின் உணர்வு நரம்பையும் குறிக்கும். இரத்தக் குழாயையும் தசைநாரையும்கூட மக்கள் அச்சொல்லாலேயே வழங்குவர். அரபியில் நரம்பைச் சுட்டும் ‘அஸப்’ என்பதும் ‘கட்டுதல்’ என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்ததே. பழைய வழக்கில் அது தசைநாரையும் சுட்டும். மொழி ஒன்றாகக் கட்டி வைத்தவற்றை மருத்துவர் பிரித்தறிந்தாக வேண்டும்.

எங்கள் குளத்தூரில் முதியவர் ஒருவருக்கு உள்ளங்காலில் எரிச்சலும் மதமதப்பும் கண்டன. எக்ஸ்ரே எடுத்தனர், எலும்பில் பழுதில்லை. 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த அக்கதிர் எலும்பைக் காட்டுமேயன்றி நரம்பைக் காட்டாது. பின்னர் உட்கணுக்காலின் பின்புறம் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தார் மருத்துவர். உடன் சென்றிருந்த நானும் திரையை நோக்கினேன். அவ்விடத்தில் தசைநார்களும் குருதி நாளங்களும் நரம்பும் ஒரு குறுகிய வழியில் நெருங்கிக் கிடக்கின்றன. கால்விரலை அசைக்கச் சொன்னார். வழுக்கி ஓடியது தசைநார். கருவியைச் சற்றே அழுத்தினார்; நசுங்கியது சிரை. தேனடையின் குறுக்குவெட்டுப் போல் நிலைத்து நின்றது நரம்பு. அதன் அருகே ஒரு நீர்க்கட்டி அதனை நெருக்கிக்கொண்டிருந்தது. கட்டியை அகற்றியபின் எரிச்சல் தணிந்தது, அல்ஹம்துலில்லாஹ்!

ஆயினும் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நீரிழிவினால் நரம்பு நலிந்திருந்தும் படத்தில் மாற்றம் புலப்படாதிருக்கலாம். ஆகவேதான், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, “தெரிகிறதா?” என்று வினவும் எளிய சோதனை முதலிடம் பெறுகிறது. நரம்பின் உருவத்தைக் கருவி காட்டும்; உணர்வை உரைக்க வல்லவர் நோயாளி ஒருவரே.

1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரிடையே பணியாற்றினார். அவர்களுடைய விரல்கள் குறைவது தசை தானாக அழுகுவதாலன்று, பெரிதும் நோவு தெரியாமையால் நேரும் காயங்களால் என்று அவர் உணர்த்தினார். நோவும் இறைவன் தந்த நிஃமத்து என்பதை இதனினும் தெளிவாக விளக்குவது அரிது.

ஒளூவில் இடக்கைச் சுண்டுவிரலால் கால்விரல்களின் இடுக்கைக் கோதுகிறோம். அப்பொழுது, விரல் படுவது தெரிகிறதா, புண் உண்டா என்று ஒரு கணம் கவனித்தால் அதுவே அன்றாடச் சோதனையாகிவிடும். நண்பகலில் பள்ளிவாசல் முற்றத்தின் சூடு தம் பாதங்களுக்கு உறைப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அது பெருமையன்று, அழைப்பு. காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுங்கள்.