ஆறாம் மாடிக் கடற்கரை



ரொறன்ரோவின் யங் வீதியில் 'சாம் த ரெக்கோர்ட் மேன்' என்றொரு இசைத்தட்டுக் கடை இருந்தது. வாசலுக்கு மேலே இரண்டு பெரிய நியான் தட்டுகள் சுழல்வதுபோல் மின்னிக்கொண்டிருக்கும். 2007 இல் கடை மூடப்பட்டது. காணியைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் வாங்கி, 2015 இல் எட்டு மாடியில் மாணவர் கற்றல் மையம் ஒன்றைத் திறந்தது. அப்போது அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ரயர்சன் என்று பெயர். 2022 இலிருந்து ரொறன்ரோ மெற்றோபொலிற்றன். நியான் தட்டுகளை எங்கே வைப்பது என்று ஊரே சண்டை பிடித்தது தனிக் கதை. அவை இப்போது கிட்டவுள்ள சதுக்கத்தைப் பார்த்தபடி இன்னொரு கட்டடத்தின் உச்சியில் இருக்கின்றன.

நோர்வேயின் ஸ்னோஹெட்டா நிறுவனமும் ரொறன்ரோவின் சைட்லரும் வரைந்த கட்டடம் அந்தக் கற்றல் மையம். நூலகத்தின் நீட்சிதான், ஆனால் புத்தக அலுமாரி கிடையாது. மாடிக்கு மாடி குணம் மாறும். ஆறாம் மாடிக்குப் பெயரே 'கடற்கரை'. அங்கே தரை மட்டமாக இல்லை. சரிந்தும் தட்டுத் தட்டாகவும் இறங்குகிறது. பனிச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மெத்தைப் பையில் சாய்ந்து ஒருத்தி மடிக்கணினி தட்டுகிறாள். கீழ்த்தட்டில் நாலு பேருக்குள் ஏதோ கணக்குக்காக வாக்குவாதம். அவர்களுக்குப் பக்கத்திலேயே ஒருவன் வாயைப் பிளந்தபடி நித்திரை. யாரும் யாரையும் 'உஷ்' என்று அதட்டுவதில்லை. சத்தம் பிடிக்காதவருக்கு வேறு மாடி இருக்கிறது. குழுவாகப் படிக்கக் கதவடைத்த சிறு அறைகளும் உண்டு.

இதை ஆடம்பரம் என்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் விடுதியில் தங்குவதில்லை. சப்வேயிலும் கோ ரயிலிலும் வந்து போகிறவர்கள். ஸ்காபரோ பேஸ்மென்டில், தம்பி தங்கச்சியின் இரைச்சலுக்கு நடுவில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளும் அதில் அடக்கம். காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் இடையில் நாலு மணித்தியாலம் கிடந்தால் எங்கே போவது? ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு கடையில் எவ்வளவு நேரம்தான் குந்தியிருக்கலாம்?

ரொறன்ரோ பல்கலைக்கழகத்து ஸ்காபரோ வளாகத்தின் கதை வேறு. அது கட்டடக்கலைஞர் ஜோன் அன்ட்ரூஸ் 1960களில் எழுப்பிய கட்டடம். பின்னாளில் சீ.என். கோபுரத்தின் வடிவமைப்பிலும் பங்குகொண்டவர் அவர். மாசி மாதத்துக் குளிரில் பிள்ளைகள் வெளியே இறங்காமல் நடக்கவென்று கட்டடத்துக்குள்ளேயே தெரு அமைத்தார். நடுவே பல மாடி உயரத்தில் 'மீற்றிங் பிளேஸ்' என்ற கூடம். எங்கு பார்த்தாலும் கொங்கிறீற். அழகு என்று சொல்ல என் மனம் இடம் கொடுக்காது. ஆனால் அந்தக் கூடம், எல்லாரும் போகிற வழியில் குறுக்கே கிடக்கிறது. ஒருவன் கிற்றாரைத் தட்டினால் கடந்து போகிறவர்கள் நிற்பார்கள், சபை சேர்ந்துவிடும். தமிழ் இருக்கைக்காக நாங்கள் 30 லட்சம் டொலர் சேர்த்ததும் இந்த வளாகத்துக்குத்தான். 2021 இல் அந்த இலக்கு எட்டப்பட்டது.

படிக்கவும் பேசவும் கட்டிய இடங்களில் ஆட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். தமிழ் மாணவர் சங்கங்களின் கலைவிழா நெருங்கினால் பிள்ளைகள் நடைபாதைகளில், கண்ணாடிச் சுவரில் தங்களைப் பார்த்துப் பார்த்து ஒத்திகை பார்க்கிறார்கள். கொங்கிறீற்றில் தட்டடவு போட்டால் முழங்காலும் குதிக்காலும் படுகிற பாடு ஆடினவர்களுக்குத் தெரியும். கார்ப்பெற்றில் பாதம் திரும்பாது. மரத்தரை வேண்டும். அதுவும் கொங்கிறீற்றின் மேல் ஒட்டின பலகை போதாது. அடியில் சட்டம் கொடுத்து, மிதித்தால் சற்றே அமிழ்ந்து எழும்புகிற தரையாக இருக்கவேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. ஸ்காபரோ ஸ்டெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையம் கட்டுவதற்கான திட்டம் இருக்கிறது. 2021 இல் மத்திய, மாகாண அரசுகள் சேர்ந்து சுமார் 26 மில்லியன் டொலர் தருவதாக அறிவித்தன. அதைப் பற்றி நாலு பேர் கதைத்தால், மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கலாம், மேடை எவ்வளவு அகலம் என்பதிலேயே பேச்சு நிற்கிறது. வரிசையாகக் கதிரை அடுக்கிய மண்டபத்துக்கு இந்த ஊரில் எங்களுக்குப் பஞ்சமில்லை. வாடகை கொடுத்தால் பாங்குவெற் ஹோல் கிடைக்கும். அரங்கேற்றத்துக்கு முந்தைய ஆறு மாதமும் பிள்ளை எங்கே ஆடும் என்றுதான் எனக்குக் கவலை. மிருதங்கத்தைப் பூட்டி வைக்க ஓர் அறை, கையெட்டும் தூரத்தில் பிளக் பொயின்ற், காசு கொடுக்காமல் குந்தியிருக்க அகலமான படிகள், வாசலில் பனிச் சப்பாத்துத் தட்டு. மேடையை நாலடி குறைத்தாவது இவற்றுக்கு இடம் காணவேண்டும்.

வரைபடக் கூட்டங்களுக்கு அழைப்பு வருகிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை போகும்போது பத்தொன்பது வயதில் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் அவர்களைப் பேசவிடுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து